எடை குறைந்த ரோட் பெடல்: கிராமுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

இங்கே சொல்வது ஷூவைப் பூட்டிக்கொள்ளும் ரோட் சைக்கிள் பெடல்களைப் பற்றி. பெட்டியில் போட்டிருக்கும் எடை பெடலுக்கு மட்டும்தான். ஷூவின் அடியில் மாட்டி, பெடலில் பூட்டும் கிளீட்டும் அதன் திருகுகளும் அந்தக் கணக்கில் வராது. எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வாஹூ ஸ்பீட்பிளே நானோ ஜோடி 168 கிராம்தான். ஆனால் காலைப் பிடித்துக்கொள்ளும் பொறி அதன் கிளீட்டில் இருப்பதால் அந்தக் கனம் ஷூவுக்குப் போய்விடுகிறது. அடியில் மூன்று திருகுத் துளை உள்ள ஷூ என்றால் இடையில் ஒரு அடாப்டர் தகடும் சேரும்.

ஷிமானோ நிறுவனத்தின் பெடல்களில் 105 (ஆர்7000) ஜோடி 265 கிராம், அல்டெக்ரா (ஆர்8000) 248, டியூரா-ஏஸ் (ஆர்9100) 228. மூன்றுக்கும் ஒரே கிளீட். முதலாவதுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 37 கிராம். பாட்டிலில் இருந்து இரண்டு மடக்கு குடித்தால் அவ்வளவு குறைந்துவிடும். பந்தயத்துக்குப் போகாதவர் 105 வாங்கி, மிச்சக் காசில் நல்ல ஷூ எடுப்பதே புத்திசாலித்தனம். டைட்டானியம் அச்சு இன்னும் எடையைக் குறைக்கும். ஆனால் அப்படிப்பட்ட சில பெடல்களுக்கு ஓட்டுநரின் உடல் எடைக்கு உச்சவரம்பு உண்டு. வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

முழங்காலுக்கு முக்கியமானது ஃப்ளோட், அதாவது கிளீட் கழலாமல் குதிகால் பக்கவாட்டில் எவ்வளவு திரும்பலாம் என்பது. இதைக் கிளீட்டின் நிறம் காட்டும். ஷிமானோவில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் நிறுவனத்தின் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஷிமானோவின் சிவப்பு துளியும் அசையாது, லுக்கின் சிவப்புதான் அதிகம் அசைவது. நிறத்தை மட்டும் நம்பி வாங்கி ஏமாறுவது இங்கேதான். முதல்முறை மாட்டுபவருக்கு மஞ்சளோ சாம்பலோ போதும். 0 டிகிரியில் கிளீட்டின் கோணம் கொஞ்சம் தவறினாலும், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் முறுக்கப்பட்டு வலி வரும்.

ஷிமானோவின் இரண்டு கிளீட் வகைகளில் எஸ்பிடி வேறு, எஸ்பிடி-எஸ்எல் வேறு: முன்னது இரண்டு திருகு, பின்னது மூன்று. லுக்கின் பழைய டெல்டா கிளீட்டும் கியோ பெடலில் மாட்டாது.

டென்ஷனை, அதாவது பெடல் கிளீட்டைப் பிடிக்கும் இறுக்கத்தை, பெடலின் பின்புறத் திருகில் மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். சிக்னலில் கழற்ற முடியாமல் சாய்ந்து விழுவது பெரும்பாலும் இறுக்கம் கூடியதால்தான். நின்று மிதிக்கும்போது தானாகக் கழன்றால் மட்டும் ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டுங்கள். லுக் கியோ பிளேடில் ஸ்பிரிங்குக்குப் பதில் கார்பன் தகடு; இறுக்கத்தை மாற்ற அந்தத் தகட்டையே மாற்ற வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு அது தோதுப்படாது.

பெடலைக் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். இரண்டு பக்கமும் அச்சின் மேல்புறம் முன்சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் இறுகும். கோணலாக ஏறியதை ஸ்பேனரால் அழுத்தினால் போவது கிராங்கின் மரைதான், பெடலுடையது அல்ல. ஷிமானோ பெடலுக்குக் குறைந்தது 35 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். கிளீட் திருகுகளுக்கு 5 முதல் 6.

பெருவிரலுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பு அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் வருமாறு கிளீட்டை வையுங்கள். பழைய பெடலைவிடப் புதியதில் பாதம் அச்சுக்கு எத்தனை மில்லிமீட்டர் நெருங்குகிறதோ, சீட்டையும் அத்தனை மில்லிமீட்டர் இறக்க வேண்டும்.