லூஷ்: 'மோசமான' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்

ஆங்கில நாவல்களில் எப்போதாவது கண்ணில் படும் பெயரடை இது. எல், ஓ, யூ, சி, எச், ஈ என்று ஆறு எழுத்து. பார்த்ததும் 'லௌச்' என்று வாய் போய்விடும். பிரெஞ்சிலிருந்து வந்த சொல் என்பதால் உச்சரிப்பும் அந்த வழிதான்: லூஷ். ஊகாரத்தை நீட்டியே சொல்லுங்கள். 'லஷ்' என்றால் செழிப்பான என்று பொருள்தரும் வேறு சொல்லாகிவிடும். நம் பேச்சில் புழங்கும் 'லூசு'வுக்கும் இதற்கும் உறவே இல்லை.

சரி, உச்சரிப்பை ஒரே நாளில் திருத்திக்கொள்ளலாம். பொருளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அகராதியைப் பார்த்துவிட்டு 'மோசமான', 'ஒழுக்கங்கெட்ட' என்று எழுதிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. கொலைகாரனை யாரும் லூஷ் என்று சொல்வதில்லை, லஞ்சம் வாங்கும் அதிகாரியையும் சொல்வதில்லை. கசங்கிய வெல்வெட் கோட்டும் பாதி மூடிய கண்களுமாக, விடியும்வரை மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் பேசினால் எழுந்து போக மனம் வராது. அவர்தான் லூஷ். குரலைத் தாழ்த்தி 'ஆள் ஒரு மாதிரி' என்கிறோமே, அது ஏறக்குறைய இதைத் தொட்டுவிடுகிறது. ஆனால் அதில் சந்தேகம் மட்டும் இருக்கிறது, லூஷ் என்பதில் உள்ள கவர்ச்சி இல்லை. மொழிபெயர்ப்பவர் அதை இன்னொரு சொல்லால் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனின் 'லுஸ்கஸ்', அதாவது ஒற்றைக்கண் உள்ளவர். பிரெஞ்சுக்கு வந்தபோது அது மாறுகண்ணைக் குறித்தது. பார்வை நேராக இல்லை என்பதிலிருந்து விஷயமே நேராக இல்லை என்ற பொருள் கிளைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இந்தப் பிந்தைய பொருளைத்தான். அதனால் மாறுகண் உள்ளவரை ஆங்கிலத்தில் லூஷ் என்பது தவறு, அவர் மனத்தையும் புண்படுத்தும். அப்புறம், பிரெஞ்சில் சூப் ஊற்றும் அகப்பைக்கும் இதே பெயர், இதே எழுத்துகள். அது ஜெர்மானிய வழியில் வந்த தனிச்சொல். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

பிரெஞ்சில் கலங்கிய திரவத்தையும் லூஷ் என்பார்கள். அப்சிந்த் மதுவில் தண்ணீர் விட்டால் பால்போல் வெளுக்கும். அதிலுள்ள சோம்பு எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீர் கூடினால் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிந்துவிடும். மது பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் லூஷ் என்பது பெயர்ச்சொல்லாக வந்தால், அந்தக் கலங்கலைத்தான் சொல்கிறார்கள்.