நத்தைக்கு நூற்புழு: இரண்டைக் கலந்தால் இரட்டிப்புப் பலன் வராது

ஐப்பசி மழை பிடித்ததும் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுப் பாத்தி போன்ற ஈரமான இடங்களில் ஓடில்லா நத்தைகள் கிளம்பும். விஷக் குருணை போட மனமில்லாதவர்கள் நூற்புழுவை, அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாத நூல் போன்ற நுண்புழுவை, தேடுவது நல்ல எண்ணம்தான். எந்த நூற்புழு என்று பார்க்காமல் வாங்குவதில்தான் முதல் தவறு நடக்கிறது.

நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் பூச்சிகளைக் கொல்பவை. ஹெட்டிரோரேப்டைடிஸ் இண்டிகா கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992-ல் பெயரிடப்பட்டது. நம் ஊர் வெப்பத்தைத் தாங்கும், வேரைத் தின்னும் வேர்ப்புழுவைக் கொல்ல நல்லது. ஆனால் நத்தைக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. நத்தைக்கென்றே இருப்பது பாஸ்மார்ஹேப்டைடிஸ் ஹெர்மாஃப்ரோடிட்டா. பிரிட்டனில் 1994-ல் விற்பனைக்கு வந்தது. சதுர மீட்டருக்கு 3 லட்சம் நூற்புழு என்பது அதன் அளவு. குளிர்ந்த மண்ணில்தான் அது வேலை செய்யும். 25 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். ராமநாதபுரம் கரையோர மணலில் மழைக்காலத்திலும் அந்தக் குளிர்ச்சி நிலைப்பதில்லை. பெரிய ஆப்பிரிக்க நத்தையிடம் குளிர்ந்த மண்ணிலும் பலிக்காது. உள்ளே நுழையும் புழுக்களை அது தன் ஓட்டிலேயே சிறைப்படுத்திவிடும்.

அடுத்த தவறு, ஒரே டேங்கில் இரண்டு இனங்களைக் கலப்பது. வேர்ப்புழுவுக்கு ஹெட்டிரோரேப்டைடிஸோடு, பூச்சிகளைக் கொல்லும் இன்னொரு நூற்புழுவான ஸ்டெய்னெர்னீமாவையும் சேர்த்தால் இரட்டைப் பலன் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் குடலில் தனக்கான பாக்டீரியாவைச் சுமந்து வருகிறது: முன்னதில் போட்டோராப்டஸ், பின்னதில் ஜெனோராப்டஸ். ஒரே வேர்ப்புழுவின் உடம்புக்குள் இரண்டும் புகுந்தால், இந்த பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று ஒழிக்கும் நச்சுகளைச் சுரக்கும். தோற்ற பக்கத்து நூற்புழுவுக்குத் தீனி இல்லை, குஞ்சு பெருகாது. பூச்சி செத்துவிடும், ஆனால் காசு கொடுத்து வாங்கியதில் ஒன்று அடுத்த தலைமுறைக்கு வராமல் போகும். செத்த வேர்ப்புழு செங்கல் சிவப்பாக இருந்தால் ஹெட்டிரோரேப்டைடிஸ் வென்றிருக்கிறது. வெளிறிய பழுப்பென்றால் ஸ்டெய்னெர்னீமா. இரண்டும் தேவையென்றால் வேறு வேறு பாத்தியில் விடுங்கள்.

செத்த நத்தையின் மேல் வெள்ளை நூல் நெளிவதைப் பார்த்து, 'மருந்து பலித்தது' என்று முடிவு கட்டுவதும் தவறு. அழுகலைத் தின்னும் சாதாரண மண் நூற்புழுக்களும் இப்படித்தான் மொய்க்கும். அதை வழித்து வீட்டில் பெருக்கினால் கிடைப்பது கலப்படக் கூட்டம்தான். நத்தை உயிரோடு இருக்கும்போதே முதுகுப் போர்வையின் பின்பகுதி வீங்கி, தின்பதை நிறுத்தியிருந்தால்தான் அது நத்தை நூற்புழுவின் வேலை.

எந்த நூற்புழுவானாலும் தண்ணீரைச் சோதிக்காமல் தெளிக்காதீர்கள். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை நூற்புழு மருந்தைக் கரைத்து, ஒரு மணி நேரம் கழித்து லென்ஸில் பாருங்கள். உயிருள்ளவை வளைந்து நெளியும். செத்தவை ஊசி போல நேராகக் கிடக்கும். பெரும்பாலும் ஊசியாகக் கிடந்தால் மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்துங்கள். பொழுது சாய்ந்த பின், நாசில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, டேங்கைக் கலக்கிக்கொண்டே தெளிக்க வேண்டும். முன்னும் பின்னும் மண் ஈரமாக இருக்கட்டும். நேரடி வெயில் பட்டால் நூற்புழு சில நிமிடங்களிலேயே செத்துவிடும்.

நத்தைமேல் உப்பைத் தூவுவது இங்கே மிகப் பெரிய தவறு. ஏற்கனவே உவர்ப்பேறிய மண்ணில் அந்த உப்பு நாற்றின் வேரைத்தான் சுடும். பாத்தியோரம் நனைத்த சாக்கை இரவில் விரித்து, விடியுமுன் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பவற்றை எடுத்து அழியுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறை போடுங்கள்: மனித மூளைவரை போகக்கூடிய எலி நுரையீரல் நூற்புழுவின் குஞ்சுகளும் நத்தைக்குள்தான் வளர்கின்றன.