மாற்று உறுப்போடு வாழ்பவர்கள்: ஊரடங்கில் ஒட்டிக்கொண்ட தவறுகள்

2020 மார்ச்சில் கோவையையும் கேரளத்தையும் இணைக்கும் வாளையார் எல்லை அடைபட்டபோது, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு கோவையில் வைத்தியம் பார்த்துவந்த தமிழ்க் குடும்பங்கள் திண்டாடிப் போயின. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்கள் மாத்திரையை நிறுத்தவே முடியாது. கிடைத்ததை வாங்கினார்கள், போனில் கேட்டுச் சமாளித்தார்கள். அப்போது வேறு வழியில்லை. அந்தப் பழக்கங்கள் இன்னும் தொடர்வதுதான் கவலையாக இருக்கிறது.

கடையில் தரும் வேறு கம்பெனி மாத்திரையை அப்படியே வாங்கி விழுங்குவதுதான் இதில் பெரிய தவறு. உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் தடுப்பது பெரும்பாலும் டேக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. 1989-இல் பிட்ஸ்பர்க்கில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். ரத்தத்தில் இதன் அளவு கொஞ்சம் குறைந்தால் நிராகரிப்பு, கொஞ்சம் கூடினால் சிறுநீரகத்துக்கே கேடு. கம்பெனி மாறினால் அளவும் மாறலாம். தினம் ஒருவேளை மாத்திரையும் இருவேளை மாத்திரையும் ஒன்றுக்கொன்று ஈடாகவே ஆகாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தத்தில் மருந்தின் அளவை, அதாவது லெவலை, மறுபடி பாருங்கள்.

லெவல் பார்க்கும் அன்று விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. இருவேளை மாத்திரை என்றால் முந்தைய இரவு வேளையிலிருந்து 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்ததும் போட்டுக்கொண்டால் போதும். இல்லையென்றால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார்.

காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கான ஃபுளுகோனசோல் இரண்டும் டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட்டில் உள்ள ரிட்டோனவிர் பல மடங்கு ஏற்றும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபெனாக் எடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம், வேறு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்கள், தேதி போய்விடுமே என்று கோவிட் வந்ததை மறைப்பது. பர்மிங்ஹாம் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய கோவிட்சர்ஜ் ஆய்வில், 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை செய்துகொண்ட 1,40,231 பேரைக் கவனித்தார்கள். தொற்று வந்து 7 வாரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. அறிகுறி தீராதவர்களுக்கு அதன் பிறகும் ஆபத்து நீடித்தது. அது தடுப்பூசிக்கு முந்தைய காலம். இப்போது எல்லோருக்கும் 7 வாரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எதிர்ப்புச்சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவர்களிடம் கிருமி நீண்ட நாள் தங்கும். எத்தனை நாள் தள்ளலாம் என்பதை அறுவை மருத்துவரும் உறுப்பு மாற்று மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். அதற்கு முதலில் விஷயம் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தடுப்பூசியில் இவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மற்றவர்களைவிடக் குறைவு. அதனால் வீட்டில் கூட இருப்பவர்களும் போட்டுக்கொள்வது அவசியம். தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மட்டும் நோயாளிக்குப் போடக் கூடாது.