தோட்டப் பாதைக்கு ஏற்ற கியர்: ஸ்போர்ட் குவாட்டின் முன் ஸ்பிராக்கெட்டை மாற்றும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களில் ஸ்போர்ட் குவாட் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர மோட்டார் வண்டி) ஓட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். மேடு ஏறும்போது முதல் கியரிலேயே வண்டி தேவைக்கு மேல் வேகமாகப் போகிறது; வேகத்தைக் குறைத்தால் இன்ஜின் திணறி நின்றுவிடுகிறது; அதனால் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஏற வேண்டியிருக்கிறது. இது இன்ஜினின் கோளாறு அன்று, ஓட்டுபவரின் திறமைக் குறைவும் அன்று. பந்தயத் திடல், மணல்மேடு போன்ற திறந்தவெளிகளில் விரைந்து ஓடுவதையும் மனத்தில் கொண்டே ஸ்போர்ட் குவாட்களின் கியர் அமைக்கப்படுகிறது. லாசா, ஜாலோங் பக்கத்து மலையடிவாரத்தில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் செம்மண் பாதையில், நாம் ஓட்டும் வேகம் அதில் பாதிகூட இராது. இன்ஜினைத் தொடாமல், குறைந்த செலவில், ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய தீர்வு, முன் ஸ்பிராக்கெட்டை (இன்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கும் பற்சக்கரத்தை) ஒரே ஒரு பல் குறைந்த ஒன்றாக மாற்றுவதுதான். ஒரு பல்லுக்கு மேல் உடனே போகவேண்டாம் என்பதை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்; காரணம் கீழே வரும்.

முதலில் கணக்கு

பின் ஸ்பிராக்கெட்டின் பற்களை முன் ஸ்பிராக்கெட்டின் பற்களால் வகுத்தால் கிடைப்பதே இறுதி விகிதம். யமஹா ராப்டர் 700 வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 38 பல், விகிதம் 2.71. சுசுகி எல்டி-இசட் 400 வண்டியில் 14, 40, விகிதம் 2.86. இந்த எண் கூடக்கூடச் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை கூடும், அதே இன்ஜின் சுழற்சியில் வண்டியின் வேகம் குறையும்.

14-38 அமைப்பில் முன்னால் 13 பல் போட்டால் விகிதம் 2.92 ஆகிறது, அதாவது இழுவிசை ஏறத்தாழ 7.7 விழுக்காடு கூடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய அதே இன்ஜின் சுழற்சியில் இப்போது வண்டி 18.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் ஈரமான மேட்டில், கிளட்ச்சை முழுமையாக விட்டுவிட்டு மெதுவாக ஏற முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையிலுள்ள எல்லை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது. இறக்கத்தில் கிடைக்கும் நன்மையும் சிறியதன்று: இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல் கூடுவதால், பிரேக்கை மட்டும் நம்பிச் சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை.

இதே மாற்றத்தைப் பின்னால் செய்ய வேண்டுமானால் 38-ஐ 41 ஆக்கவேண்டும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லுக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பின்னால் அல்லாமல் முன்னால்?

குவாட்டின் பின் ஸ்பிராக்கெட் நேராக ஆக்சிலின் (பின்சக்கரங்களை இணைக்கும் தண்டின்) மேல் உட்கார்ந்திருக்கிறது. தோட்டப் பாதையில் கல்லும் வெட்டிய மரக்கட்டையும் முதலில் இடிக்கும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அதைப் பெரிதாக்கினால் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி இன்னும் குறையும். மேலும் பல ஸ்போர்ட் குவாட்களில் பின் ஸ்பிராக்கெட்டைக் கழற்ற, அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் சக்கர ஹப்பையும் கழற்றி ஆக்சிலின் நுனி வழியாக அதை வெளியே எடுக்கவேண்டும். மிக இறுக்கமாகப் பூட்டப்பட்ட பெரிய நட்டோடு போராடுவது தொடக்கநிலையினருக்கு ஏற்ற வேலை அன்று. முன் ஸ்பிராக்கெட்டுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை, விலையும் குறைவு.

முன்னால் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. சிறிய ஸ்பிராக்கெட்டைச் சுற்றி வரும்போது செயின் கூடுதலாக மடிகிறது. அதனால் செயினும், சுவிங் ஆர்மின் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையின்) மேலுள்ள பிளாஸ்டிக் தடுப்பும் சற்று விரைவாகத் தேயும். 14-லிருந்து 13 வரை இறங்குவது தாங்கக்கூடியது. 12 பல்லுக்கு இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த அளவு இழுவிசை வேண்டுமானால் முன்னால் 13-ஐ வைத்துக்கொண்டு பின்னால் 40 போடுவதே நல்லது. அப்போது விகிதம் 3.08.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான ஸ்போர்ட் குவாட்கள் 520 செயினைப் பயன்படுத்துகின்றன. அதன் இணைப்புகளுக்கிடையே உள்ள தூரம் 15.875 மில்லிமீட்டர். ஊரில் உள்ள மோட்டார் கடைகளில் கப்சாய்களுக்காக (சிறிய மோட்டார் சைக்கிள்களுக்காக) அடுக்கி வைத்திருக்கும் 420, 428 செயின்களின் தூரம் 12.7 மில்லிமீட்டர்தான் என்பதால், அவற்றுக்கான ஸ்பிராக்கெட் எக்காரணத்தாலும் பொருந்தாது. வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். முடிந்தால் பழைய ஸ்பிராக்கெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக் காட்டுங்கள். அலுமினியத்தைவிட எஃகு ஸ்பிராக்கெட்டே நம் மண்ணுக்கு ஏற்றது. நட்டு தளராமல் தடுக்க ஓரத்தை மடக்கும் லாக் வாஷர் உள்ள வண்டியானால் புதிய வாஷர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

இப்போதிருக்கும் செயினையும் சோதியுங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பின்புற நடுப்பகுதியில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் விலகினால் அது நீண்டு தேய்ந்துவிட்டது. பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கமாக வளைந்திருந்தால் ஸ்பிராக்கெட்டும் முடிந்துவிட்டது. தேய்ந்த செயினில் புது ஸ்பிராக்கெட்டைப் போட்டால் புதியதும் சீக்கிரமே கெடும். அந்த நிலையில் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம்.

வேலையின் வரிசை

1. வண்டியைச் சமதளத்தில், இன்ஜின் குளிர்ந்த நிலையில் நிறுத்துங்கள். முன் ஸ்பிராக்கெட் மூடியைச் சுற்றிய மண்ணைக் கழுவி, செம்பனை மட்டையின் நாரும் முள்ளும் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியைக் கழற்றும் வழியில் கியர் நெம்புகோல் இருந்தால், அது தண்டில் எந்த இடத்தில் நின்றது என்று ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

2. மூடியைத் திறந்ததும் ஸ்பிராக்கெட் எவ்வாறு பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சில வண்டிகளில் பெரிய நட்டும் அதன் ஓரத்தில் மடக்கிய லாக் வாஷரும் இருக்கும். சிலவற்றில் இரண்டு சிறு போல்ட்டுகளால் பிடித்த ஒரு தகடு இருக்கும். லாக் வாஷர் இருந்தால், மடிந்த ஓரத்தைத் தட்டையான உளியால் மெதுவாகத் தட்டி நேராக்குங்கள்.

3. செயினைத் தளர்த்துவதற்கு முன்பே நட்டைத் தளர்த்தவேண்டும். தொடக்கநிலையினர் பலர் தவறவிடும் வரிசை இதுதான். சக்கரங்கள் தரையில் இருக்க, வண்டியைக் கியரில் போட்டு, உடனிருப்பவரைப் பின் பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு நீளமான கைப்பிடியுள்ள சாக்கெட்டால் நட்டைத் தளர்த்துங்கள். செயினை முதலில் கழற்றிவிட்டால், ஸ்பிராக்கெட் பூட்டியிருக்கும் தண்டைப் பிடித்து நிறுத்த வழி இல்லாமல் போகும்.

4. இனி நியூட்ரலுக்கு வந்து, பின்பகுதியை ஜேக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துங்கள். பல ஸ்போர்ட் குவாட்களில் ஆக்சிலைத் தாங்கும் கேரியர், மையம் விலகிய வட்டமாக இருக்கும். அதை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி கேரியரைத் திருப்பினால் ஆக்சில் முன்னோ பின்னோ நகரும். மண் இறுகி அது திரும்ப மறுத்தால் சுத்தியலால் அடிக்காமல், எண்ணெய் விட்டுச் சற்றுக் காத்திருங்கள். ஆக்சிலை முன்னோக்கி நகர்த்தினால் செயின் தளரும். முன் ஸ்பிராக்கெட்டைச் செயினோடு சேர்த்தே தண்டிலிருந்து வெளியே இழுத்துவிடலாம். செயினின் பூட்டு இணைப்பைப் பிரிக்கவே தேவையில்லை.

5. ஸ்பிராக்கெட் வெளியே வந்ததும் அதன் பின்னால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பாருங்கள். செம்மண்ணும் பழைய கிரீஸும் கலந்த கெட்டியான படிவை ஒரு மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். கூர்மையான இரும்பு சீலைக் கிழித்துவிடும். அங்கே எண்ணெய் புதிதாகக் கசிந்திருந்தால், இதே வேலையில் சீலையும் மாற்றிவிடுவது அறிவு.

6. பழையது எந்தப் பக்கம் வெளிநோக்கி இருந்ததோ, அதே பக்கத்தை வெளிநோக்கி வைத்துப் புதிய ஸ்பிராக்கெட்டைச் செயினுக்குள் கொடுத்துத் தண்டில் ஏற்றுங்கள். வாஷரையும் நட்டையும் கையால் போடுங்கள். பிறகு ஆக்சிலைப் பின்னோக்கி நகர்த்திச் செயினை ஓரளவு இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, மீண்டும் கியரும் பிரேக்குமாக நிறுத்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் கருவியால்) நட்டை இறுக்குங்கள். கடைசியில் வாஷரின் ஓரத்தை நட்டின் தட்டையான பக்கத்தோடு ஒட்டி மடக்குங்கள்.

செயினின் தளர்வு

இந்தப் பகுதிக்கு அவசரப்படாதீர்கள். முன்னால் ஒரு பல் குறைந்ததால், அதே செயினுக்கு ஆக்சில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பின்னே போகவேண்டும். செயின் ஏற்கெனவே நீண்டு, கேரியர் அதன் எல்லைக்கு வந்திருந்தால் இடம் போதாது. அப்போது செயினை மாற்றுவதே வழி. (பின்னால் 38-க்குப் பதில் 40 போட்டிருந்தால் நிலைமை நேர்மாறு: ஆக்சில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் முன்னே வரவேண்டியிருக்கும்.)

தளர்வு எவ்வளவு, எந்த நிலையில் அளப்பது என்பதைக் கையேட்டில் பார்த்தே முடிவு செய்யுங்கள். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, செயின் மிக இறுக்கமாக உள்ள இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்கவேண்டும். சஸ்பென்ஷன் அமுங்கி, முன் ஸ்பிராக்கெட்டின் தண்டு, சுவிங் ஆர்மின் அச்சு, ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் உச்ச அளவுக்கு இறுகுகிறது. நிறுத்திய நிலையிலேயே செயின் விறைப்பாக இருந்தால், வரப்பிலிருந்து குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கியர்பெட்டியின் தண்டு பேரிங்கும் ஆக்சில் பேரிங்கும் அடி வாங்கும். ஐயமிருந்தால் சற்றுத் தளர்வாக விடுவதே பாதுகாப்பு. அளவு சரியானதும் கேரியர் போல்ட்டுகளைக் கையேட்டின்படி இறுக்கி, மீண்டும் ஒரு முறை அளந்து பாருங்கள். இறுக்கும்போது கேரியர் சிறிது நகர்ந்துவிடுவது உண்டு.

ஓர் எச்சரிக்கை. பின்சக்கரங்களை உயர்த்தி வைத்து, இன்ஜினைக் கியரில் ஓடவிட்டுச் செயினைத் துடைப்பதோ எண்ணெய் விடுவதோ ஒருபோதும் கூடாது. செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையே மாட்டிய துணி கையையும் இழுத்துக்கொள்ளும். விரல் போன பிறகு வருந்திப் பயனில்லை. எப்போதும் இன்ஜினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றியே செய்யுங்கள்.

சோதனை ஓட்டம்

தோட்ட நிர்வாகத்தின் அனுமதி உள்ள பாதையில், குலை ஏற்றும் லாரிகள் வராத நேரத்தில் ஓட்டுங்கள். பதிவில்லாத குவாட்டைச் சோதிப்பதற்காகப் பொதுச்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, வழக்கமற்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சிறிது நேரம் ஓட்டியபின் நிறுத்தி, நட்டையும் வாஷரையும் தளர்வையும் மறுபடி பாருங்கள். அதன்பின், முன்பு கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே ஏறிய மேட்டில், கிளட்ச்சை முழுமையாக விட்டு ஏறிப்பாருங்கள்.

இன்ஜின் திணறாமல் ஏறினால் உங்கள் வேலை முடிந்தது. இன்னும் திணறினால் அடுத்த கட்டமாகப் பின்னால் இரண்டு பல்லைக் கூட்டலாம். ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் குழைந்த களிமண்ணில் கூடுதல் இழுவிசை எப்போதும் உதவாது. டயர் பிடிப்பதற்கு முன்பே சுழன்று குழி பறித்துவிடும். அதனால்தான் ஒரு பல்லோடு நிறுத்தி, மழைக்காலம் ஒன்றைக் கடந்து பார்க்கச் சொல்கிறேன்.

பின்னால் 20 அங்குல டயருக்குப் பதில் 22 அங்குல டயர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். பெரிய டயர் கியரை 10 விழுக்காடு உயர்த்திவிடுகிறது, அதாவது அதே இன்ஜின் சுழற்சியில் வேகம் கூடி இழுவிசை குறைகிறது; 13 பல் ஸ்பிராக்கெட் அந்த இழப்பை ஏறக்குறைய ஈடுகட்டுமே தவிர, வண்டியின் அசல் இழுவிசையைவிட அதிகம் தராது. உங்கள் வண்டியில் வேகமானி இருந்து, அதன் உணரி கியர்பெட்டியில் இருந்தால், ஸ்பிராக்கெட் மாற்றத்துக்குப் பின் அது உண்மையைவிடக் கூடுதலான வேகத்தைக் காட்டும்.

செம்மண் சேறு காய்ந்ததும் உப்புத்தாள்போல் செயினை அரைக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, ஓ-ரிங் செயினானால் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) பெட்ரோலைத் தவிர்த்து மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, செயின் எண்ணெயைச் செயினின் உட்பக்கத்தில் விடுங்கள். கழற்றிய 14 பல் ஸ்பிராக்கெட் தேயாமல் இருந்தால் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். சமதளத்தில் நீண்ட தூரம் ஓட்டும் திட்டம் வரும்போது அதே வரிசையில் அதை மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்.