பழைய ரசிகர் புனைவுக்கு வரும் விமர்சனம்: நான் செய்துவைத்த ஏற்பாடு

ரசிகர் புனைவுகள், அதாவது பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள், வெளியாகும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் பத்தாண்டுப் பழைய கதைக்கும் திடீரெனக் காட்டமான கருத்து வரும். பலர் தேதியைப் பார்ப்பதே இல்லை. கதையை அழித்தால் கருத்துகளும் குடோஸும் (வாசகர் தரும் பாராட்டுக் குறி) சேர்ந்தே போகும். ‘ஆர்ஃபன்’ செய்தால், அதாவது கதையைத் தளத்திலேயே விட்டு நம் கணக்கிலிருந்து மட்டும் பிரித்தால், அது கைவிட்டுப் போகும். மீட்க வழியில்லை, குறிப்புகளில் நாமே எழுதிய பெயரும் அப்படியே நிற்கும்.

அதனால் எடிட் பக்கத்தில் கருத்து மட்டுறுத்தலை இயக்கினேன். புதியவை என் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். முற்றிய சச்சரவை ‘ஃப்ரீஸ்’ செய்தேன்: பழையது தெரியும், புதுப் பதில் விழாது. தொடக்கக் குறிப்பில் கதையை எழுதிய ஆண்டும், ‘பிழை சொல்லலாம், கதைப்போக்கு மாறாது’ என்ற வரியும் சேர்த்தேன்.

எழுத்துப்பிழை, விடுபட்ட எச்சரிக்கை டேக் (கதையில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் குறிச்சொல்) என்றால் உடனே திருத்தி நன்றி சொல்லிவிடுவேன். வரிகளைத் திருத்துவதால் மட்டும் கதை, அண்மையில் புதுப்பித்தவை முதலில் வரும் பட்டியலில் மேலே ஏறாது. பாத்திர வார்ப்பு பிடிக்கவில்லை என்பவரிடம் வாதாடுவது வீண்வேலை.