கோலாலம்பூர் வடிவமைப்பகத்தில் ஒரே தமிழராக வேலை பார்ப்பது எப்படி

மலேசியாவில் மின்துணை நிலையங்களின் வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மலாய், ஆங்கிலம், சீனம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘அபாயம்’ என்று தமிழ். கோலாலம்பூரின் விளம்பர நிறுவனங்களிலும் தமிழ் வரி இப்படித்தான் கடைசியாக வந்து சேரும். மற்ற மொழிகள் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, மாலை ஐந்தரை மணிக்கு, அச்சகத்துக்குக் கோப்பு போக அரை மணி நேரம் இருக்கும்போது, அறையில் இருக்கும் ஒரே தமிழரின் மேசைக்கு அது வரும். பதினான்கு ஆண்டுகளாக அந்த மேசை என்னுடையது. வரைகலை படித்து முடித்து வேலைக்குச் சேரவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக, அந்த மேசையில் எப்படி உட்கார்வது என்பதை எழுதுகிறேன்.

இந்த நிலைமை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஷெரில் டி. மில்லர் என்ற கறுப்பின வடிவமைப்பாளர், தம் தொழிலில் தம்மைப் போன்றவர்கள் ஏன் இத்தனை குறைவு என்ற கேள்வியை 1985-இல் நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் முதுகலை ஆய்வாக எடுத்துக்கொண்டார். 1987-இல் ‘பிரிண்ட்’ இதழில் அது கட்டுரையாக வெளிவந்தது. கறுப்பின வடிவமைப்பாளர்களைக் களத்தில் காணவில்லை என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அவர்களுடைய அடிமை வரலாறும் நம்முடைய தோட்டத்து வரலாறும் ஒன்றல்ல. ஒன்றாக்கிப் பேசுவது இரண்டுக்கும் மரியாதையாகாது. ஆனாலும் அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: மனக்குறையைக் கேள்வியாக மாற்றி எழுத்தில் வைப்பது. ‘என்னை யாரும் கேட்பதில்லை’ என்று நண்பரிடம் தேநீர்க் கடையில் புலம்பினால் அது தேநீரோடு ஆறிப்போகும். ‘தமிழ் உரை எந்தத் தேதியில் வரும், யார் சரிபார்ப்பார், அதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்’ என்று மின்னஞ்சலில் கேட்டால், யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும்.

ஆகவே முதல் வேலை கணினியில் இல்லை, கொட்டேஷனில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் விலை விவரத்தில் ‘தமிழ் எழுத்துக்கோப்பும் மெய்ப்பும்’ (எழுத்துகளை அமைப்பதும் பிழை பார்ப்பதும்) என்று தனி வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வரி இல்லாத வரைக்கும் நீங்கள் செய்வது உதவி. உதவிக்குக் கெடுவும் கிடையாது, ஊதியமும் கிடையாது, தவறு நேர்ந்தால் பழி மட்டும் உண்டு. முதல் மூன்று ஆண்டுகள் நான் அப்படித்தான் செய்தேன். மொழிபெயர்ப்பு, எழுத்துப்பிழை திருத்தம், ‘இந்தச் சாமி படத்தைக் காலடியில் வைக்கலாமா’ என்ற ஆலோசனை, எல்லாம் இலவசம். வரி சேர்ந்த மாதத்திலிருந்து தமிழ் உரை ஐந்தரை மணிக்குப் பதிலாகக் காலையிலேயே வரத் தொடங்கியது. காசு கொடுத்த பொருளை யாரும் கடைசி நிமிடம் வரை மறந்துவிடுவதில்லை.

இதற்கு ஓர் ஆபத்தான மறுபக்கமும் இருக்கிறது. தமிழ் வேலையை நன்றாகச் செய்பவருக்குத் தமிழ் வேலை மட்டுமே கிடைக்கும். தைப்பூசம், பொங்கல், தீபாவளி என்று ஆண்டு முழுக்க மயிலும் குத்துவிளக்கும் கோலமுமாக உங்கள் கோப்புகள் நிறைந்துவிட்டால், வங்கிக்கு இலச்சினை செய்யும் குழுவில் உங்கள் பெயர் யாருக்கும் நினைவுக்கு வராது. அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் 1945 முதல் வரைகலைப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ஓல்டன் என்ற கறுப்பின வடிவமைப்பாளரை நான் இங்கே நினைத்துக்கொள்வதுண்டு. அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டுக்காக 1963-இல் வெளிவந்த அஞ்சல் தலையை, அறுந்த சங்கிலியை மட்டும் காட்டி அமைத்தவர் அவர். அதற்கு முன்பே அவருடைய கை எல்லா வகை நிகழ்ச்சிகளிலும் பழகியிருந்தது. நேர்காணலுக்குக் கொண்டுபோகும் தொகுப்பில் பண்டிகை வேலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. ஆனால் அந்த ஒரு பங்கை ஒளித்து வைக்கவும் வேண்டாம். வேலை விளம்பரத்தில் ‘மாண்டரின் பேசுவோருக்கு முன்னுரிமை’ என்று இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். விண்ணப்பியுங்கள், வாடிக்கையாளரோடு நேரில் பேச வேண்டிய பதவியா, உள்ளே அமர்ந்து வரையும் பதவியா என்பதைத் தொலைபேசியில் பணிவாகக் கேளுங்கள். இரண்டாவது என்றால் அந்த நிபந்தனை சில நேரம் தளரும், சில நேரம் தளராது.

அடுத்தது தோல். தீபாவளி விளம்பரம் என்றதும் படவங்கியில் ‘இந்தியக் குடும்பம்’ என்று தேடுவார்கள். லெஹங்கா அணிந்த வெளுத்த வடநாட்டுக் குடும்பமே பெரும்பாலும் வந்து நிற்கும். கிள்ளானிலும் ஈப்போவிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் நிற்கும் குடும்பம் அதுவன்று. இதை நியாயப் பிரச்சினையாகப் பேசினால் எடுபடாது. இரண்டு படங்களை அருகருகே வைத்து, பொருள் வாங்க வருபவர் எந்தப் படத்தில் தம் அத்தையைக் காண்பார் என்று மட்டும் கேளுங்கள். நம்மவர் படமே கிடைத்தாலும் ‘முகம் கொஞ்சம் பளிச்சென்று வேண்டும்’ என்ற குறிப்பு வரும். அப்போது மொத்த நிறத்தையும் வெளுக்காமல், நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் விழும் ஒளியை மட்டும் உயர்த்துங்கள். கேட்ட பளபளப்பும் கிடைக்கும், ஆளும் மாற மாட்டார். அச்சுக்குப் போகும்போது நீல மையைக் கவனியுங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் மஞ்சள் முன்னால் நிற்க வேண்டும், செம்மை சற்றுப் பின்னால் வர வேண்டும், நீலம் அடங்கியிருக்க வேண்டும். நீலம் ஏறினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். செய்தித்தாளில் மை பரவுவதால் நிழல்கள் அடைத்துக்கொள்ளும், எனவே கருமையைக் குறைத்தே அனுப்புங்கள். இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். சாக்லேட் விற்பவர்களும் மரத்தளவாடம் விற்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு சரியாக விழவில்லை என்று முறையிட்டதும் படச்சுருள் மேம்பட்டதற்கு ஒரு காரணம் என்பார்கள். நாற்காலிக்குக் கிடைத்த கவனம் முகத்துக்குக் கிடைக்க நாளானது.

இனி எழுத்து. ஒரு பேரங்காடியின் தீபாவளிப் பதாகைக்கு நான் சரியாக அமைத்துக் கொடுத்த வரியை, அளவு மாற்றுவதற்காக வேறொருவர் மற்றொரு கோப்பில் நகலெடுத்து ஒட்டினார். மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கவிட்ட பிறகு, தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் நிமிர்ந்து பார்த்து, “தம்பி, நாட்டோட பேரே தப்பா இருக்கே” என்றார். ‘மலேசியா’வில் லகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய்ச் சகரத்தோடு சேர்ந்து நின்றிருந்தது. ‘மல’ மட்டும் தனியாக. அதை வாசித்தவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

காரணம் எளியது. யூனிகோடில் மெய்யெழுத்துக்குரிய குறி முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்புப் பட்டியலில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த நகர்வு நடக்காது. இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்து விருப்பத்தேர்வுகளுக்குள் இந்திய மொழி வசதிகளை இயக்கிவிட்டு, தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டோஷாப்பிலும் இதற்கு நிகரான அமைப்பு உண்டு. ஒவ்வொரு புதிய கணினியிலும் நான் முதலில் தட்டிப் பார்க்கும் வரி இது: ‘மலேசியா, கோலாலம்பூர், விலை, பௌர்ணமி’. இந்த நான்கும் உடையாமல் வந்தால் மற்றவையும் வரும். பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டிய உரை வந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொடுங்கள். கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளை வரைகோடாக (அவுட்லைன்) மாற்றி, மாற்றாத பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவுக்கு அலைய வேண்டியதில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ மேக் கணினிகளிலேயே இருக்கிறது. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழிப்பும் மோதிக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு அழகு பார்க்கும் ஆங்கிலப் பழக்கம் இங்கே ஆகாது, துணைக்கால் தனியாகக் கழன்று நிற்கும். சிறிய அளவில் தடித்த எழுத்து வைத்தால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொற்களில் முடிவது தமிழில் ‘உள்ளே நுழையக் கூடாது’ என்று நீளும் என்பதைப் பக்க அமைப்பு தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் எழுத்தைச் சுருக்கித்தான் நுழைப்பார்கள்.

‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்று ஆண்டுதோறும் ஒருவர் தொலைபேசியில் சண்டைக்கு வருவார். நான் ககர ஒற்று இல்லாத பக்கம். நீங்கள் எந்தப் பக்கமானாலும் அதை எழுதி, வாடிக்கையாளரின் ஒப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள். தாளில் அச்சிட்டு, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மற்ற வரிகளிலிருந்து பொருளை ஊகிக்க வழியில்லாதவர் தமிழ் வரியில் இருப்பதை மட்டுமே படிப்பார். எனக்கு அந்த வேலையைச் செந்தூலில் இருக்கும் அம்மா செய்கிறார். கண்ணாடியைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆகும், அதையும் கெடுவில் சேர்த்துக்கொள்கிறேன்.