இனிஷியலை ஏற்காத ஃபார்மை வைத்து ஐ.டி. வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அக்கா, ஐ.டி.யில் எதைப் படித்தால் நல்லது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் சம்பளக் கணக்கு பேசுவதில்லை. லேப்டாப்பைத் திறந்து ஏதாவது ஓர் ஆன்லைன் ஃபார்முக்குப் போகச் சொல்வேன். பணம் கட்டும் பக்கம் மட்டும் வேண்டாம்.

பெயர் முத்துக்குமார், இனிஷியல் எஸ். லாஸ்ட் நேம் கட்டத்தில் அந்த ஓர் எழுத்தை மட்டும் போட்டு சப்மிட் கொடுங்கள். "குறைந்தது இரண்டு எழுத்து தேவை" என்று சிவப்பில் வரும் ஃபார்ம்கள் இன்னும் இருக்கின்றன. நம் ஊரில் பாதிப் பேருக்கு லாஸ்ட் நேமே இனிஷியல்தானே!

இப்போது உங்கள் மனசு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

'புள்ளி வைத்தால்? தமிழில் அடித்தால்? காலியாக விட்டால்?' என்று நோண்டிக்கொண்டே போனால், டெஸ்டிங் உங்களுக்கு ஒத்துவரும். கண்டதை எழுதிப் பாருங்கள்: என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது. படிப்பவர் உங்களுக்கு போன் போடாமலே அதே தப்பை வரவழைக்க முடிந்தால் அது நல்ல பக் ரிப்போர்ட்.

'இதை யார் இப்படி எழுதியது?' என்று கை அரிக்கிறதா? குரோமில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட், நெட்வொர்க் டேபுக்குப் போய் மறுபடி சப்மிட் கொடுங்கள். சர்வருக்கு, அதாவது அந்தத் தளத்தை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, ரிக்வெஸ்ட் எதுவும் கிளம்பாவிட்டால், தடுப்பது பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது ஹெச்டிஎம்எல். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைச் செய்யும் ஃப்ரன்ட் எண்ட் ஆட்களின் வேலை. ரிக்வெஸ்ட் போய், 400 என்ற பதில் எண்ணோடு திரும்பினால் பெரும்பாலும் சர்வர் மறுத்திருக்கிறது. அது திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பேக் எண்ட். இரண்டில் எதைப் படிக்க ஆசை வருகிறதோ அங்கே தொடங்குங்கள்.

500 வந்தால் சர்வருக்குள்ளேயே ஏதோ உடைந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த போன் வருவது என்னைப் போன்ற சப்போர்ட் ஆட்களுக்கு. கருப்புத் திரையில் லாக், அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவு, ஓடும். பிழை தொடங்கிய நேரத்தைப் பிடித்து, அதற்குச் சற்று முன்னால் யார் எதை மாற்றினார்கள் என்று தேட வேண்டும். அதற்குள் மேனேஜர் மூன்று முறை "அப்டேட்?" என்று கேட்டிருப்பார். எனக்கு இது பிடிக்கும். தூக்கம் முக்கியம் என்பவர்கள் வரவே வேண்டாம். வருபவர்கள் முதலில் விண்டோஸ் போன்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் போட்டு, ஃபைலுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையோடு பழகுங்கள்.

'இதனால் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்?' என்று கேட்பவர்களுக்கு டேட்டா. முதலில் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல், புரோகிராமிங் மொழியான பைத்தான் அப்புறம்.

கோர்ஸ் விஷயத்தில் நான் கறார். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" போஸ்டரைப் பார்த்து அப்பாவை நகை அடகு வைக்கச் சொல்லாதீர்கள். டெமோ வகுப்பில் உட்காருங்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆஃபர் வந்ததும் ஹெச்.ஆரிடம் மூன்று கேள்வி: எந்த டீம், ஷிஃப்ட் உண்டா, பாண்டு (இத்தனை நாள் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம்? டீம் பற்றி மட்டும் "சேர்ந்த பிறகு சொல்வோம்" என்பார்கள். அதனால் டிரெய்னிங் முடியும்போது எந்தப் பக்கம் போக விருப்பம் என்பதை மெயிலில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது.